பழைய லேத்துக்கு 62,000 ரூபாயில் டூல் செட் வாங்கலாமா?

கேள்வி: கோவை கணபதியில் 12 ஆண்டுகள் டர்னராக (லேத் எனும் கடைசல் இயந்திரத்தை இயக்குபவராக) வேலை பார்த்த நான், சென்ற மாதம் 4.5 அடி பழைய லேத் ஒன்றை 1,10,000 ரூபாய்க்கு வாங்கினேன். அதன் உச்ச வேகம் 600 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 600 சுற்று); த்ரீ ஜா சக் (கடையும் பொருளைப் பிடிக்கும் மூன்று தாடைப் பிடி) மட்டுமே உடன் வந்தது. பம்புக்கான ஷாஃப்ட், புஷ் வேலை தருவதாக இரண்டு கம்பெனிகள் சொல்லியிருக்கின்றன. கையிருப்பு 70,000 ரூபாய். கார்பைடு (மிகக் கடினமான வெட்டுமுனைப் பொருள்) டூல்கள் அடங்கிய முழு செட்டைக் கடையில் 62,000 ரூபாய்க்குத் தருகிறார்கள். வாங்கலாமா, முத்ரா எனும் மத்திய அரசின் சிறு தொழில் கடன் எடுக்கலாமா?

பதில்: இரண்டுமே இப்போது வேண்டாம். அந்த செட் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் உங்கள் லேத்துக்கு அதில் பாதிகூடப் பயன்படாது. 25 மி.மீ. மைல்டு ஸ்டீல் ராடை எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலால் நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் கடைய ஏறத்தாழ 380 ஆர்.பி.எம். போதும். அதே ராடில் கார்பைடு இன்சர்ட் (டூலில் மாட்டும் சிறு வெட்டுமுனை) 120 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டுமானால் 1,500 ஆர்.பி.எம்.முக்கு மேல் வேண்டும். வேகம் போதாமல், லேத்தின் தேய்ந்த அடித்தளமான பெட்டின் அதிர்விலும் ஓடும் இன்சர்ட், மழுங்குவதற்கு முன்பே முனை பெயர்ந்துவிடும். அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான். எச்.எஸ்.எஸ். பிட்டையோ கிரைண்டரில் பிடித்து மறுபடி மறுபடி தீட்டிக்கொள்ளலாம். 12 ஆண்டுகள் டூல் தீட்டிப் பழகிய உங்கள் கை, கடையில் விலைக்குக் கிடைக்காத முதலீடு. வார்ப்பிரும்பு புஷ்ஷின் கெட்டியான மேல்தோலை எடுக்க மட்டும் முனையைப் பற்றவைத்த (பிரேஸ் செய்த) கார்பைடு டூல் இரண்டு வாங்குங்கள். சாதாரண வீலில் அது தீட்டுப்படாது என்பதால், கிரைண்டரின் ஒரு பக்கத்தில் பச்சை நிற சிலிக்கான் கார்பைடு வீலை மாட்டிக்கொள்ளுங்கள்.

ஆகவே பெஞ்ச் கிரைண்டர், எச்.எஸ்.எஸ். பிட்டுகள், ஒரு போரிங் பார், லைவ் சென்டர், ட்ரில் சக் ஆகியவற்றோடு அளவுக் கருவிகளையும் சேர்த்து 25,000 ரூபாய்க்குள் முடித்துக்கொள்ளுங்கள். அதில் எதைக் குறைத்தாலும் மைக்ரோமீட்டரிலும் டயல் கேஜிலும் குறைக்க வேண்டாம், 0.02 மி.மீ. தவறினால் ஒரு லாட் முழுவதும் திரும்பி வரும், மெட்டீரியல் காசும் உங்கள் தலையில் விழும். டயல் கேஜ் வந்ததும் அதன் முனையை ஒட்ட வைத்து, முதலில் சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டிலையும், பிறகு சக்கில் பிடித்த நேரான ராடையும் சுழற்றிப் பாருங்கள். ஸ்பிண்டில் சரியாக ஓடி ராடு மட்டும் ஆடினால், ஜா தேய்ந்திருக்கிறது என்று பொருள்; அப்போது அடுத்த செலவு, ஒவ்வொரு தாடையையும் தனியே நகர்த்தி மையம் சரிசெய்யும் ஃபோர் ஜா சக்குக்குத்தான்.

மீதி 45,000 ரூபாயைத் தொடாதீர்கள். வாடகை, கரண்ட் பில், குடும்பச் செலவு ஆகியவை முதல் பில்லின் பணத்துக்காகக் காத்திருக்கமாட்டா. முதல் வேலை ஏற்பதற்கு முன் உத்யம் எனும் மத்திய அரசின் சிறு தொழில் பதிவைச் செய்துகொள்ளுங்கள், கட்டணம் கிடையாது. பதிவு பெற்ற குறு நிறுவனத்துக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்னபடி அதிகபட்சம் 45 நாள்களிலும், இல்லையென்றால் 15 நாள்களிலும் பணம் தந்தாக வேண்டும். கெடு தாண்டினால், பணம் கொடுக்கும்வரை அதை அந்தக் கம்பெனி தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில் இதை நினைவூட்டினால் பில் வேகமாக நகர்வதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று: 62,000 ரூபாய் வரி சேர்ந்த விலையென்றால், அதில் சுமார் 9,450 ரூபாய் 18 சதவீத ஜி.எஸ்.டி. வரி. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத உங்களுக்கு அது திரும்ப வராத செலவு. ஜாப் வொர்க் (பிறர் தரும் பொருளில் வேலை செய்து கொடுப்பது) வரவு ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டும்வரை அந்தப் பதிவு கட்டாயமில்லை என்பதால், ரிட்டர்ன் தாக்கல் செய்யும் சுமையை இப்போதே ஏற்க வேண்டாம்.

முத்ராவில் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையிலான கிஷோர் பிரிவில் அடமானம் இல்லாமல் கடன் கிடைக்கும். ஆறு மாதம் பில் பணம் வங்கிக் கணக்கிலேயே வந்து சேரட்டும். எந்த வேலைக்கு எந்த டூல் இல்லாமல் திருப்பி அனுப்பினீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வங்கிக்குப் போகும்போது கணக்குப் புத்தகத்தோடு அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.