கோபன்ஹேகனில் வாடகை சைக்கிள்: மனைவிக்கு ஓட்ட வராது என்று நினைப்பவருக்கு

"ஜூன் மாதம் மூன்று நாள் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன் போகிறோம். நடந்தும் சைக்கிளிலும் ஊரைப் பார்க்க ஆசை. மனைவிக்குச் சைக்கிள் அவ்வளவாக வராது. கேரியரில் உட்காரவைத்துப் போகலாமா, பஸ்ஸே போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேரியரில் பெரியவர்களை ஏற்றக்கூடாது, அபராதம் போடுவார்கள். கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் "அவ்வளவாக வராது" என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அதை உங்கள் மனைவி சொன்னாரா, நீங்களே முடிவு செய்தீர்களா?

எனக்கு ஐம்பது வயது. புதுக்கோட்டை மாவட்டத்துக்காரி. 1991-92இல் அறிவொளி இயக்கம் எங்கள் மாவட்டத்தில் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கலெக்டராக இருந்தவர் ஷீலாராணி சுங்கத். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றார்கள், அவர்களில் நானும் ஒருத்தி. பெண்கள் சைக்கிள் கிடைக்காமல், அண்ணனின் பெரிய சைக்கிளில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குரங்குப் பெடல் போட்டுப் பழகினேன். தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். திருமணமாகித் திருச்சிக்கு வந்த பிறகு தொடவில்லை. யாரும் தடுக்கவில்லை. அந்த வீட்டில் பெண்கள் ஓட்டும் வழக்கம் இல்லை, நானும் கேட்கவில்லை.

2023 ஜூனில் நாங்கள் போனபோது என் கணவர் ஒரே ஒரு சைக்கிளுக்குத்தான் முன்பதிவு செய்திருந்தார். அவர் காலையில் இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு வருவாராம், நான் அறையில் ஓய்வெடுப்பேனாம். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. என் முழங்கால் வலியை நினைத்துத்தான் அப்படிச் செய்தார். ஆனால் கேட்டிருக்கலாம். இன்னொரு சைக்கிள் வேண்டும் என்று கடையில் நானே சொன்னேன்.

முதல் நாள் நடந்தோம், நீங்களும் அப்படியே செய்யுங்கள். 1962இலேயே கார்களை நிறுத்திவிட்ட ஸ்ட்ரோயெட் கடைத்தெரு, நியூஹாவ்ன் கால்வாய்க்கரை, வட்டக் கோபுரம் எல்லாம் நடை தூரத்தில் இருக்கின்றன. வட்டக் கோபுரத்தை முழங்கால் வலிக்காரர்கள் விட்டுவிடாதீர்கள். 1642இல் கட்டி முடித்தது. உள்ளே படிகளுக்குப் பதிலாக 209 மீட்டர் நீளத்துக்குச் சுற்றிச் சுற்றி ஏறும் செங்கல் சாய்தளம். ரஷ்யாவின் பீட்டர் பேரரசர் 1716இல் குதிரையிலேயே இதில் ஏறினாராம். உச்சிக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் படிகள் உண்டு.

இரண்டாம் நாள்தான் சைக்கிள் எடுத்தோம். அரை மணி நேரத்தில் நான் தவறு செய்தேன். ஏரிகளின் குறுக்கே போகும் ராணி லூயிஸ் பாலத்தில் தண்ணீரைப் பார்த்ததும் சட்டென்று நின்றுவிட்டேன். பின்னால் முன்பெட்டி வைத்த சைக்கிளில் இரண்டு குழந்தைகளோடு ஒரு தாய் வந்துகொண்டிருந்தார். மயிரிழையில் விலகிப் போனார். போகும்போது உரக்கத் திட்டினார். மொழி புரியவில்லை, ஆனால் கோபம் நியாயமானது. அங்கே நிற்பதற்கு முன் கையை உயர்த்திக் காட்ட வேண்டும். கடையில் அதைச் சொல்லியிருந்தார்கள், நான்தான் மறந்துவிட்டேன். அந்தக் குழந்தைகளின் முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

என் கணவர், "போதும், திருப்பிக் கொடுத்துவிடலாம்" என்றார். எனக்குக் கை நடுங்கியது. ஆனாலும் "நாளைக் காலை வரைக்கும் பொறுங்கள்" என்றேன். ஜூனில் அங்கே நாலரை மணிக்கே விடிந்துவிடுகிறது. மறுநாள் ஐந்து மணிக்கு, ஏரிக்கரையை ஒட்டிய வெறிச்சோடிய தெருக்களில் நான் பழகினேன். சாலையின் வலப்பக்கமாகப் போவதுதான் நமக்குக் கடினம், கை தானாக இடப்பக்கம் இழுக்கும். இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் நடுச்சாலைக்குப் போகாதீர்கள். நேராகக் கடந்து, எதிர்மூலையில் நின்று, அந்தப் பக்கத்துச் சிக்னல் பச்சையானதும் போங்கள். வாடகை சைக்கிள்கள் பலவற்றில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிரேக் பிடிக்கும், அதையும் பழகிக்கொள்ள வேண்டும். என் கணவர் அதில் இரண்டு முறை தடுமாறினார்.

ஏழு மணிக்கு நோரெப்ரோகாடெ சாலைக்குப் போனோம். சைக்கிள் பாதை தார்ச்சாலையைவிட ஒரு படி உயரம், நடைபாதை அதைவிட இன்னொரு படி உயரம். கார் உள்ளே வர முடியாது. காலையில் நகரை நோக்கி வரும்போது மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் சிக்னல்கள் தொடர்ந்து பச்சையாகவே கிடைக்கும்படி அமைத்திருக்கிறார்கள். நாங்கள் பன்னிரண்டில் போனதால் பல இடங்களில் நின்றோம். ஓரமாகப் போகும்வரை யாரும் மணியடித்து விரட்டவில்லை. அதே சாலையில் அசிஸ்டென்ஸ் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. குழந்தைக் கதைகள் எழுதிய ஆண்டர்சனும் தத்துவவாதி கீர்க்ககோரும் அங்கே உறங்குகிறார்கள். பக்கத்திலேயே மக்கள் புல்லில் அமர்ந்து சாப்பிடுகிறார்கள்.

பிறகு துறைமுகப் பக்கம் வந்து, 2014இல் திறந்த "சைக்கிள் பாம்பு" என்ற ஆரஞ்சு நிற மேம்பாலத்தில் ஏறினோம். சைக்கிளுக்கு மட்டுமேயான பாலம், சுமார் இருநூறு மீட்டருக்கு வளைந்து தண்ணீருக்கு மேல் போகிறது. நான் முன்னால் போனேன், அவர் பின்னால் வந்தார். இருபத்தாறு ஆண்டுத் திருமண வாழ்வில் அந்த வரிசையில் நாங்கள் எங்கும் போனதில்லை. இறங்கியதும், "குடத்தோடு ஓட்டியதாகச் சொல்வாயே, அப்போது நான் நம்பவில்லை" என்றார்.

"வெளிநாட்டைப் பார்த்துவிட்டு வந்து நம் ஊரைத் தாழ்த்துகிறாள்" என்று சிலர் எழுதுவார்கள். அந்த ஊரும் பிறந்ததிலிருந்து இப்படி இல்லை. அங்கும் கார்கள் பெருகின. 1973 எண்ணெய் நெருக்கடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை போட்டார்கள். பாதை கேட்டு மக்கள் சைக்கிளோடு தெருவில் இறங்கிப் போராடினார்கள். வெளிநாட்டுப் பயணம் பணமுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்றும் சொல்லாதீர்கள். ஆசிரியர் சம்பளத்தில் ஆறு ஆண்டு சேர்த்த பணம் அது.

     

ஸ்ட்ரோயெட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். பஸ்ஸிலிருந்து மக்கள் நேராகச் சைக்கிள் பாதையில் இறங்கும் நிறுத்தங்களில் நின்று வழிவிடுங்கள். இரண்டு சைக்கிளாகவே முன்பதிவு செய்யுங்கள். அங்குள்ளவர்கள் உயரமானவர்கள், இருக்கையும் அதற்கேற்ற உயரத்தில் இருக்கும். உங்கள் மனைவியின் இரண்டு பாதங்களும் தரையில் படும்வரை அதை இறக்கித் தரச் சொல்லி வாங்குங்கள்.