'நடந்தே போனவராம்'

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. ஒரு வருடமாக, காட்டில் தனியாகச் சிக்கிப் பிழைத்துவரும் பையன்களின் கதைகளைத் தவிர எதையும் தொடுவதில்லை. எல்லாம் இங்கிலீஷ் நாவல்கள். ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்கும் போக மாட்டேன் என்கிறான். போன வாரம் கொல்லையில் சுள்ளி அடுக்கி, பூதக்கண்ணாடியால் தீமூட்டப் பார்த்தான். வீட்டில் வயதான மாமியார் வேறு இருக்கிறார். குண்டு போட்ட வருஷம் இங்கிருந்து நடந்தே இந்தியாவுக்குப் போனவராம், சண்டை முடிந்து திரும்பி வந்த குடும்பமாம். அவரிடம் போய், 'அப்பத்தா, வழியில தண்ணிக்கு என்ன செஞ்சீங்க?' என்று நச்சரிக்கிறான். பழசைக் கிளறாதே என்று அதட்டி வைத்திருக்கிறேன். புத்தகங்களை ஒளித்துவைத்தால் சரியாகிவிடுவானா?
– ஒரு தாய், யாங்கூன்

பதில்: ஒளித்துவைக்காதீர்கள். இந்த வயதில் பையன்கள் எதிலாவது விழுந்து கிடப்பார்கள். இதே கடிதம் எனக்குப் பலமுறை வந்துவிட்டது. தீமூட்டுவது என்றால் பெரியவர் ஒருவரும் ஒரு வாளித் தண்ணீரும் பக்கத்தில் இருக்க வேண்டும். முன்பின் தெரியாத இலையை வாயில் வைக்கக் கூடாது. பாம்பு கடித்தால் கீறி உறிஞ்சு என்று பழைய சாகசக் கதைகளில் வரும், அது தப்பு. கண்ணாடி விரியன் இருக்கிற நாடு இது; கடித்தால் ஆஸ்பத்திரிதான் என்று சொல்லிவையுங்கள். பையன் விஷயம் அவ்வளவுதான்.

எனக்கு உங்களிடம்தான் பேச்சு. 'போனவராம்', 'குடும்பமாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'ஆம்' எதற்கு? பக்கத்துத் தெருவில் திருட்டாம், அரிசி விலை ஏறுமாம் என்று, யாரோ சொல்லிக் காதில் விழுந்த செய்திக்குத்தான் அதைப் போடுவோம். தினமும் உங்கள் கையால் சோறு வாங்கிச் சாப்பிடுகிறவரைப் பற்றி, கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்தும் வதந்தி மாதிரியா எழுதுவது? உங்கள் கணவரையும் விடுவதாக இல்லை. பெற்ற தாய் எந்த வழியாக நடந்தார் என்று அவருக்காவது தெரியுமா?

ஏனென்றால் வழி ஒன்றல்ல. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில், அதாவது உங்கள் யாங்கூனில், ஜப்பான்காரன் முதல் குண்டைப் போட்டான். 1942 மார்ச்சில் ஊரே அவன் கைக்குப் போய்விட்டது. கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் நடந்தார்கள். புரோமிலிருந்து டவுங்கூப் கணவாய் தாண்டி பர்மாவின் மேற்கே அரக்கான் கடற்கரைக்கு இறங்கியவர்கள் உண்டு. கலேவா, தமு என்று மலையேறி இம்பாலுக்குப் போனவர்கள் உண்டு. கடைசியில் மிச்சமிருந்தது வடக்கே ஹூகாங் பள்ளத்தாக்கு. அங்கே மழையும் பிடித்துக்கொண்டது, சேற்றில் காலை இழுத்து இழுத்துப் போனார்கள். அந்த வருடம் வெளியேறிய இந்தியர்கள் சுமார் 5 லட்சம் என்பார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது குண்டு இல்லை. காலரா, மலேரியா, பசி. காலரா தண்ணீரில் வருவது.

இப்போது உங்கள் மகன் கேட்டதைத் திரும்பப் படியுங்கள். 'வழியில தண்ணிக்கு என்ன செஞ்சீங்க?' அந்தப் பாதையைப் பற்றி இதைவிடச் சரியான கேள்வி கிடையாது. நீங்கள் ஒளிக்க நினைக்கிற நாவல்கள்தான் அவனை அப்படிக் கேட்க வைத்திருக்கின்றன.

அந்தக் கதைகளை நானும் படிக்கிறவன்தான். 1719இல் வந்த நாவலில் ராபின்சன் குரூசோ தீவில் ஒதுங்கியதிலிருந்து ஏறக்குறைய ஒரே அச்சு. கப்பல் உடையும், இல்லை விமானம் விழும். சிறுவர் கதை என்றால் தொடக்கத்திலேயே பெரியவர்களை அப்புறப்படுத்திவிடுவார்கள். 'ஹாட்செட்' நாவலில் பைலட்டுக்கு மாரடைப்பு வந்துவிடும். 13 வயதுப் பையன் ஒரு கைக்கோடரியோடு கனடாக் காட்டில் 54 நாள் தனியாகக் கிடப்பான். பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தால் அவன் எதையும் தானாகச் செய்ய வேண்டியதில்லை, கதையும் நகராது. சரி, அது நாவலுக்கு. வீட்டிலும் அதையேவா செய்வது? காட்டை நிஜமாகவே கடந்த மனுஷி உயிரோடு உட்கார்ந்திருக்க, அவரை முதல் அத்தியாயத்திலேயே ஓரங்கட்டிவிட்டீர்களே!

அவர் மனசு புண்படுமே என்றுதான் தடுத்தேன் என்பீர்கள். அவரிடம் கேட்டீர்களா? பெரியவர்களின் துக்கத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்கிற பல பேருக்கு உட்கார்ந்து கேட்க நேரமில்லை, அதுதான் விஷயம். கிளறலாமா வேண்டாமா என்று நடந்தவர் சொல்லட்டும். யாரையாவது வழியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். இன்றைக்கு வேண்டாம் என்றால் பையன் பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். அந்த இங்கிதத்தைச் சொல்லிக்கொடுப்பதுதான் தாயின் வேலை, அதட்டுவது இல்லை.

அப்புறம் அந்தத் தமிழ் வகுப்பு. அப்பத்தா இங்கிலீஷிலா சொல்லப்போகிறார்? ஒரு நோட்டைக் கொடுத்து அவர் கட்டில் பக்கத்தில் உட்காரவையுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதட்டும், எழுத்துப் பிழை கிடக்கட்டும். ஆனால் பள்ளி லீவு வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். விவரம் தெரிந்த வயதில் நடந்திருந்தால் அவருக்கு இப்போது தொண்ணூறு இருக்கும்.

அடுத்த கடிதத்தில் டவுங்கூப்பா, தமுவா என்று எழுதுங்கள். அதிலும் 'ஆம்' போட்டால் பதில் கிடையாது.