ஆளில்லாத இடம்

அன்புள்ள அம்மாவுக்கு,

மெல்பர்னில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். கணினி வேலை. இரண்டு ஆண்டுகளாக மாதம் ஒருமுறை டனோலி என்ற பழைய தங்கவயல் ஊரின் பக்கத்துக் காட்டுக்குத் தனியாகப் போய், கூடாரம் போட்டு, இரண்டு இரவு தங்கித் தங்கம் தேடுகிறேன். மெட்டல் டிடெக்டரும் அரிக்கும் தட்டும் வைத்திருக்கிறேன். அரசு உரிமமும் உண்டு. இதுவரை சேர்ந்தது நாலு கிராம். உங்களிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, காட்டுக்குள் போய்விட்டால் நான் உடை உடுத்துவதில்லை. முழங்கால் ஆழத்துக்கு நான் தோண்டிய குழிகளை மூடவேண்டிய அவசியம்கூட இல்லாத அளவுக்கு ஆளில்லாத இடம் அது. அந்த விடுதலையை எழுத்தில் சொல்ல முடியாது. ஒருநாள் மச்சினரிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன், விழுந்து விழுந்து சிரித்தார். மனைவிக்கு இன்னும் தெரியாது. தமிழ்ப் பண்பாட்டில் இதற்கு இடமே இல்லையா? நான் செய்வது தியானமா, பேராசையா?

வி.

அன்புள்ள வி.,

கூச்சத்தை விடுங்கள். மூன்று பிள்ளைகளை வளர்த்து, இரண்டு முதியவர்களைக் கடைசிக்காலத்தில் குளிப்பாட்டியவளிடம் அம்மணத்தைப் பற்றிப் பேச என்ன தயக்கம்? அந்தச் சொல்லே அமணர்களிடமிருந்து, அதாவது சமணர்களிடமிருந்து வந்தது. கழுகுமலைப் பாறையில் தீர்த்தங்கரர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வெயிலிலும் மழையிலும் துணியில்லாமல்தான் இருக்கிறார்கள். யாரும் சிரிப்பதில்லை. ஆனால் அவர்கள் துணியோடு பொருளையும் விட்டவர்கள். நீங்கள் துணியை மட்டும் கிளையில் மாட்டிவிட்டு, விலையுயர்ந்த கருவியைக் காதில் பொருத்திக்கொண்டு பொன் தேடுகிறீர்கள். ஆகவே அவர்களைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

மற்றபடி காற்று உங்கள் மேல் படுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. யாராவது வழிதவறி வந்தால் சுற்றிக்கொள்ள ஒரு துண்டு கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். செருப்பையாவது கழற்றவில்லை என்று நம்புகிறேன், அந்த ஊர்ப் பாம்புகள் பண்பாடு பார்ப்பதில்லை. பேராசையா என்று கேட்டிருக்கிறீர்கள். அரைப் பவுனுக்காக இரண்டு ஆண்டு பெட்ரோல் போட்டவனைப் பேராசைக்காரன் என்று எந்த மடையன் சொல்வான்?

என்னைத் தூக்கிவாரிப்போட்டது வேறொரு வரி. குழிகளை மூடவேண்டிய அவசியம்கூட இல்லாத அளவுக்கு ஆளில்லாத இடம் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் கடிதத்தை மூடி வைத்துவிட்டேன். மறுநாள்தான் மீதியைப் படித்தேன்.

நான் நீலகிரியில் பந்தலூரில் வளர்ந்தவள். அப்பா தேயிலைத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. நீங்கள் தோண்டும் ஊருக்கும் என் ஊருக்கும் ஓர் உறவு உண்டு, தெரியுமா? உங்கள் விக்டோரியா மாநிலத்தில் சுரங்கத் துறையின் செயலாளராக இருந்தவர் ராபர்ட் பிரௌ ஸ்மித். அங்கே பதவி போன பிறகு, 1879-இல் இங்கே வந்தார். தேவாலா, பந்தலூர் பக்கத்துக் குன்றுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வயநாட்டில் பொன் இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். அவ்வளவுதான், லண்டனில் டஜன் கணக்கில் கம்பெனிகள் முளைத்தன. நோய் விழுந்து படுத்திருந்த காப்பித் தோட்டங்களைத் தங்கவயல் என்று சொல்லிக் கொள்ளை விலைக்கு விற்றார்கள். மலையைக் குடைந்தார்கள், இயந்திரங்களை இறக்கினார்கள். பாறையை இடித்துப் பார்த்தால் செலவுக்குக்கூடப் பொன் தேறவில்லை. சில ஆண்டுகளில் எல்லாம் சுருண்டது. துரைகள் கப்பல் ஏறிவிட்டார்கள். குழிகள் எங்களோடு தங்கிவிட்டன.

எனக்குப் பதினொரு வயது இருக்கும். எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வீட்டு வரிசைக்கு) பின்னால், சரிவில், ஒருத்தி கன்றுக்குட்டி மேய்த்துக்கொண்டிருந்தாள். உண்ணிச்செடிப் புதருக்குள் அது நுழைந்தது, திரும்பி வரவில்லை. புதரை வெட்டிப் பார்த்தபோது ஆள் உயரத்துக்கு மேல் அகலமாக ஒரு வாய். உள்ளே கறுப்பு. அடியிலிருந்து கன்று கத்துகிற சத்தம் கேட்டது. தோட்டத்தில் இருந்த கயிறுகளையெல்லாம் முடிந்து இறக்கினார்கள், எட்டவில்லை. இறங்குகிறேன் என்று துணிந்தவனை அவன் பெண்டாட்டி இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவில்லை. இரண்டு நாள் கத்தியது. அந்தச் சத்தத்தில் தாய்ப்பசு கொட்டிலில் நிற்காமல் கயிற்றை இழுத்தது. மூன்றாம் நாள் காலையில் எங்கள் அம்மா தண்ணீர் எடுக்கப் போகும் வழியில் கொஞ்சம் நின்றாள், காது கொடுத்தாள், பிறகு ஒன்றும் சொல்லாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டாள்.

அந்தக் குழிக்கு அன்றைக்கு வயது தொண்ணூறு. அதைத் தோண்டியவனும் உங்களைப் போலத்தான் நினைத்திருப்பான், வெறும் காடு, யார் வரப்போகிறார்கள் என்று. பழங்குடிகளான பணியரும் குரும்பரும் அங்கே இருந்தது அவன் கணக்கில் வரவில்லை. நாங்கள் வரப்போவதும் அவனுக்குத் தெரியாது. கன்றுக்குட்டியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

நீங்கள் கூடாரம் போடும் காட்டுக்கும் சொந்தக்காரர்கள் உண்டு. ஜாஜாவுரங் பழங்குடி மக்கள். தங்கள் மண்ணை அவர்கள் இன்று ‘தலைகீழான நாடு’ என்று சொல்கிறார்கள். 1851-க்குப் பிறகு தங்கம் தேடி வந்து குவிந்தவர்கள் மேல்மண்ணைக் கீழும் கீழ்மண்ணை மேலுமாகப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனதால் வந்த பெயர். பிரௌ ஸ்மித்தே விக்டோரியாவின் பழங்குடிகளைப் பற்றி இரண்டு பெரிய தொகுதிகள் தொகுத்தவர்தான். 1878-இல் அச்சாயிற்று. அவர்கள் இருப்பது நன்றாகத் தெரிந்த மனிதர்! அடுத்த ஆண்டே இங்கே வந்து இன்னொரு காட்டை அளந்தார்.

உரிமம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் கதையையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். தங்கம் தோண்டக் கேட்ட உரிம வரியை எதிர்த்து, 1854 டிசம்பரில் பல்லாரட் தங்கவயலில் யுரேகா என்ற அரணுக்குப் பின்னால் நின்று அரசுப் படையிடம் உயிரைக் கொடுத்தவர்களால் அடுத்த ஆண்டு கிடைத்த உரிமை அது. இன்று பத்து ஆண்டுக்கு ஒருமுறை சொற்பக் கட்டணம் கட்டி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறீர்கள் (சட்டை எங்கே இருக்கிறது என்பது வேறு விஷயம்). கிளறிய நிலத்தைச் சரிசெய்துவிட்டுப் போ என்பதும் அந்த உரிமத்தோடு வரும் நிபந்தனைதான். படித்துப் பாருங்கள். உங்களுக்கு முழங்கால் ஆழம் என்றால் இருட்டில் ஓடிவரும் கங்காருவுக்குக் கால் ஒடியும் ஆழம். போதாக்குறைக்கு, டனோலிக்குப் பக்கத்தில் மோலியாகலில் 1869-இல் கிடைத்த அந்த மகா தங்கக்கட்டி, தராசு கொள்ளாமல் பட்டறைக்கல்லில் வைத்து உடைத்தார்களே, அது ஓர் அங்குல ஆழத்தில் மரவேருக்கு நடுவில்தான் கிடந்தது. நீங்கள் எதற்கு முழங்கால் வரைக்கும் போகிறீர்கள்?

திட்டிவிட்டேன். இப்போது இன்னொருவரைச் சொல்கிறேன், உங்களுக்குப் பிடிக்கும்.

இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எங்கள் பக்கம் வந்த காலம் அது. அடுத்த லயத்தில் ஒரு மாமா. தேயிலைக் கொழுந்தை எடைபோட்டு முடித்ததும் ஓடைக்குப் போவார். போனதும் சட்டையையும் கால்சட்டையையும் கழற்றி, மடித்து, பாறைமேல் வைத்து, காற்றுக்குப் பறக்காமல் ஒரு கல்லை வைப்பார். அவரிடம் இருந்தது அந்த ஒரு ஜோடிதான். கோவணத்தோடு இடுப்பளவு தண்ணீரில் நிற்பார். கையில் மரவை, நடுவில் லேசாகக் குழிந்த மரத்தட்டு. பணியர் ஒருவரிடம் பழகியதாம். மணலை அள்ளித் தண்ணீருக்குள் ஆட்டுவார், விளிம்பைச் சாய்ப்பார், வெள்ளை மணல் புகைபோல வழிந்து போகும். மீண்டும் அள்ளுவார். கடைசியில் ஒரு பிடி கருமணல் நிற்கும். அதைச் சுற்றவிட்டால் கருமணலின் வாலில் இரண்டு மூன்று மஞ்சள் துணுக்கு தெரியும். “தொடாதே, உன் மூச்சுக்கே பறந்துவிடும்” என்பார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்ப்பேன்.

பாதரசம் விட்டு உருட்டி, வேட்டித் துணியில் வைத்துப் பிழிந்து, அடுப்பில் கரண்டியைக் காட்டிப் புகையவிடுவார். அதே அடுப்பில் அவர் மகள் சோறு வடிப்பாள். அந்தப் புகை என்ன செய்யும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. பின்னாளில் அவர் கை நடுங்கியபோது குளிர் என்றுதான் நினைத்தோம். நீங்கள் பாதரசம் எதையும் தொடவில்லையே?

சேர்த்ததை ஊசிமருந்துக் குப்பியில் போட்டு அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தார். மூன்று மழைக்காலம் அரித்து, கூடலூர் ஆசாரியிடம் கொண்டுபோனார். மகளுக்கு ஒரு மூக்குத்தி தேறியது. அதைப் போட்டுக்கொண்டு அவள் எங்கள் வீட்டுக் கண்ணாடியில் பார்க்க வந்தாள், அவர்கள் வீட்டில் கண்ணாடி இல்லை.

நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கே தெரியவில்லை. அடுத்த முறை போகும்போது போன இடங்களுக்கே போய், பழைய குழிகளைத் தேடி மூடிவிட்டு வாருங்கள். கீழ்மண் முதலில், மேல்மண் பிறகு, அதற்கு மேல் சருகு. எத்தனை குழி என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். அந்த நாலு கிராமை எங்கே வைத்திருக்கிறீர்கள்? காரிலா? மச்சினர் முந்திக்கொள்வதற்குள் வீட்டுக்குள் கொண்டுபோய் மனைவியின் உள்ளங்கையில் கொட்டிவிடுங்கள். என்ன சொன்னாள் என்பதையும் எழுதுங்கள்.