மேலாளர் தரும் பாலியல் தொல்லையை எச்.ஆரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னால் போதுமா?

போதாது. "நான் பார்த்துக்கிறேன்" என்று எச்.ஆர் சொல்வது உங்கள் புகார் பதிவானதாக ஆகாது. இந்தியாவில் இதற்கென உள்ள 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி (போஷ் என்பார்கள்) உள்ளகக் குழுவிடம் (இத்தகைய புகார்களை விசாரிக்க நிறுவனத்துக்குள் அமைக்கும் குழு) எழுத்தில் கொடுப்பதுதான் புகார். அதற்குக் கெடு மூன்று மாதம்; தொல்லை தொடர்ந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். "அவர்கிட்ட பேசியாச்சு, கொஞ்சம் பொறுங்க" என்பதிலேயே கெடு கரைந்துவிடும்.

பத்துப் பேர் வேலை செய்தாலே அந்தக் குழு இருந்தாக வேண்டும். தலைவர் பெண், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், நிறுவனத்தைச் சேராத ஒருவர். குழுவே அமைக்காத முதலாளிக்கு ரூ.50,000 வரை அபராதம். பத்துப் பேருக்குக் குறைவு, அல்லது புகாரே முதலாளி மீது என்றால் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும்.

புகாரை எழுதும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "என்னிடம் அடிக்கடி தவறாக நடந்துகொள்கிறார்" என்று எழுதினால் குழுவால் எதையும் விசாரிக்க முடியாது. "மார்ச் 12, மாலை 6.40, மூன்றாம் மாடி மீட்டிங் ரூம். கதவைச் சாத்திவிட்டுத் தோளில் கை வைத்தார். தட்டிவிட்டேன். 'இப்படி முறைச்சா அப்ரைசல் எப்படி வரும்' என்றார். நான் அழுதபடி வெளியே வந்ததை இன்னார் பார்த்தார்" என்று எழுதுங்கள். ஒவ்வொரு சம்பவமும் தனிப் பத்தியாக இருக்கட்டும். ஆதாரங்களும் சாட்சிகளின் பெயர், முகவரியும் சேர்த்து ஆறு பிரதி கொடுக்க வேண்டும். இன்னொரு பிரதியில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள், அல்லது மெயிலிலும் அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டில் எண்ணும் தேதியும் தெரிய வேண்டும். மூல உரையாடலை அழிக்காதீர்கள். ஆதாரம் சேர்க்கிறேன் என்று கம்பெனியின் மற்ற ஆவணங்களைச் சொந்த மெயிலுக்கு அனுப்பினால், அதையே உங்கள் மீது திருப்புவார்கள்.

கூடவே இடைக்கால நிவாரணத்தையும் எழுத்தில் கேளுங்கள், கேட்டால்தான் பரிசீலிப்பார்கள். அவரையோ உங்களையோ இடமாற்றலாம், மூன்று மாதம் வரை கூடுதல் விடுப்பு தரலாம். உங்கள் வேலையை அவர் மதிப்பிடக் கூடாது என்றும் தடுக்கலாம். மேலாளர் மீதான புகாரில் நான் முதலில் கேட்கச் சொல்வது இந்தக் கடைசி ஒன்றைத்தான்.

ஏழு வேலை நாளில் பிரதி அவருக்குப் போகும், பத்து வேலை நாளில் அவர் பதில் தர வேண்டும், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். அதன்பின் பத்து நாளில் அறிக்கை, அது கிடைத்த 60 நாளில் நடவடிக்கை. குழுவின் முன் இரு தரப்புக்கும் வக்கீல் கிடையாது. சமரசம் நீங்கள் கேட்டால் மட்டும்தான். அதிலும் பணம் வாங்கி முடிக்கக் கூடாது. புகாரை நிரூபிக்க முடியாமல் போனாலே அது பொய்ப்புகார் ஆகிவிடாது என்று சட்டமே சொல்கிறது. முடிவு பிடிக்காவிட்டால் மேல்முறையீட்டுக்கு 90 நாள்.

போலீஸ் புகார் இதற்கு மாற்று அல்ல. பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய தண்டனைச் சட்டம்) 75-ஆவது பிரிவின்கீழ் இணையாகவே கொடுக்கலாம், குழுவின் முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.