பத்து ரூபாய் பேனாவில் நல்லதைப் பொறுக்குவது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி (அஸ்தம்பட்டி, பிளஸ் டூ மாணவியின் அம்மா): மூணு மணி நேரம் எழுதினா பொண்ணுக்குக் கை வலிக்குதாம். எந்தப் பேனா வாங்கலாம்ங்க?

எழுதின தாளைத் திருப்பி விரலால தடவிப் பாருங்கம்மா. எழுத்து புடைச்சுத் தெரிஞ்சா ரொம்ப அழுத்துறாங்கன்னு அர்த்தம். கெட்டி மை பால் பாயின்ட்டை விட்டுட்டு, இளகின மை உள்ளதுக்கு மாறட்டும். லிங்க் பென்டோனிக், செல்லோ பட்டர்ஃப்ளோ ரெண்டும் அந்த ரகம்தான்.

கடையில கிடக்கிற அட்டையில கிறுக்கிப் பார்க்காதீங்க. அவங்க எழுதுற நோட்டுத் தாளையே கையோட கொண்டு போங்க. நேர்கோடு எந்தப் பேனாவும் போட்டுடும். 'ஞ', 'ணை', 'ழ'ன்னு சுழி உள்ள எழுத்தா ஒரு வரி நிதானமா எழுதச் சொல்லுங்க. முனையில உருளுற குண்டைச் சுத்தி மிச்ச மை சேரும். வளைவு திரும்புறப்போ அது திட்டாத் தாள்ல விழும். திட்டு விழுந்தா அதை வெச்சுட்டு அடுத்ததை எடுங்க. ஒரே கம்பெனி, ஒரே டப்பாவுலயும் பேனாவுக்குப் பேனா வித்தியாசம் இருக்கும். அதனால எழுதிப் பார்த்த பேனாவையே வாங்குங்க. கடைக்காரர் நீட்டுற 'புதுசு' வேண்டாம்.

கேள்வி (ஏற்காடு, எஸ்டேட் ஆபீஸ்): சேலத்துல ஒழுங்கா எழுதுற மை பேனா மலை ஏறினதும் மூடிக்குள்ள மை கக்குது. பேனா கோளாறாங்க?

இல்லைங்க, காத்து பண்ற வேலை. சேலம் கடல் மட்டத்துக்கு மேல 300 மீட்டருக்குள்ள. ஏற்காடு 1,500 மீட்டர் சுமார். கொண்டை ஊசி வளைவெல்லாம் தாண்டி மேல போறதுக்குள்ள காற்றழுத்தம் ஏழுல ஒரு பங்கு அளவுக்குக் குறைஞ்சுடும். பேனாவுக்குள்ள அடைபட்ட காத்து விரிஞ்சு, மையை நிப்பு வழியா வெளிய தள்ளும். பாதி மைதான் வம்பு, மிச்ச இடமெல்லாம் காத்து. அடிவாரத்துலயே முழுசா நிரப்புங்க, இல்லன்னா காலி பண்ணிடுங்க. நிப்பு மேல பார்க்கிற மாதிரி பையில குத்துங்க. பால் பாயின்ட், ஜெல் ரீஃபிலுக்குப் பின்பக்கம் திறந்திருக்கிறதால இந்தத் தொல்லை இல்லை. மழைக்காலத்துல அங்க தாள் ஈரம் வாங்கி மை பிசிறடிக்கும். அப்பவும் பால் பாயின்ட்தான் நல்லது.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை மண்டி): கார்பன் வெச்ச பில் புத்தகத்துக்கு ஜெல் சரிவருமாண்ணா?

வராது. அழுத்தினாத்தான் அடித்தாள்ல விழும். ஜெல் முனை அதைத் தாங்காது. ரெய்னால்ட்ஸ் 045 மாதிரி பழைய பால் பாயின்ட் போதும். தாளைச் சுவத்துல வெச்சு மட்டும் எழுதாதீங்க. முனை மேல பார்த்தா மை கீழ இறங்காம காத்து புகுந்துடும்.

கேள்வி: ஜெல் பேனாவுல பாதி மை இருக்கு, எழுத மாட்டேங்குது.

புதுசுன்னா முனையில மெழுகுப் பொட்டு இருக்கான்னு பாருங்க, உரிச்சுடுங்க. பழசுன்னா முனையை வெதுவெதுப்பான தண்ணியில பத்து விநாடி வெச்சு, துடைச்சுட்டுக் கிறுக்குங்க. கீழ விழுந்த பேனாவா? குண்டு உட்கார்ற விளிம்பு நசுங்கியிருக்கும், ரீஃபிலை மாத்துங்க. முனையைத் தீக்குச்சியால சுடுற வைத்தியம் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: செக் எழுத எதுங்க?

சாதாரண பால் பாயின்ட் போதும். தேய்ச்சா அழியுற பேனா மட்டும் கூடாது. பைலட் ஃபிரிக்ஷன் மாதிரி மை 60 டிகிரி சூட்டுல மறைஞ்சுடும்; சித்திரை வெயில்ல கார் டேஷ்போர்டு அந்தச் சூட்டைத் தாராளமாத் தொடும்.

கேள்வி: டிஎன்பிஎஸ்சி ஓஎம்ஆர் தாளுக்கு?

கருப்பு மை பால் பாயின்ட். ரெண்டா எடுத்துட்டுப் போங்க, ரெண்டுலயும் முந்தின நாளே ஒரு பக்கம் எழுதிப் பழக்கிடுங்க.