ஹீட்டர் ஒயர் மாற்றுகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில்

ரூம் ஹீட்டர் பழுதில் ஒயர் தேர்வு பற்றி மட்டும் கேளுங்கள். கேட்பதற்கு முன் ப்ளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

கேள்வி: 2000 வாட் ஹீட்டருக்குள் ஓர் ஒயர் கருகிவிட்டது. வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் கையில் இருக்கிறது. போடலாமா?

பதில்: கூடாது. கனம் தாராளம், தோல்தான் தாங்காது. 230 வோல்ட்டில் 2000 வாட் என்றால் 8.7 ஆம்பியர்தான், அதற்கு 1.5 ஸ்கொயரே போதும். ஆனால் சாதாரண பிவிசி தோல் 70 டிகிரிக்குத்தான் செய்யப்பட்டது. ஹீட்டருக்குள் அது முதலில் இளகும், அப்புறம் மொறுமொறுவென்று ஆகும், ஒரு நாள் மூடியைத் திறந்தால் ஒயர் அம்மணமாக நிற்கும். உள்ளே போட வேண்டியது 180 டிகிரி தாங்கும் சிலிகான் ஒயர், மேலே கண்ணாடி இழைப் பின்னல் போட்டதாக இருந்தால் இன்னும் நல்லது. சூடாகும் கம்பிச் சுருளின் (காயில்) முனையை ஒட்டிய இடத்தில் முதலில் என்ன ரகம் இருந்ததோ அதே ரகம்தான்.

ஆனால் ஏன் கருகியது என்று பார்த்தீர்களா? லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனை) பக்கம் ஒரு விரல்கணு நீளம் மட்டும் கருகி, மிச்ச ஒயர் மெத்தென்று இருந்தால் குற்றம் ஒயரில் இல்லை, லூஸ் காண்டாக்ட்டில் இருக்கிறது. அந்த இணைப்பில் வெறும் 0.2 ஓம் தடை சேர்ந்தாலே 8.7 ஆம்பியரில் 15 வாட் சூடு. ஒரு சிறிய சாலிடரிங் அயர்னைக் கடலைப்பருப்பு அளவு இடத்தில் ஒளித்துவைத்த மாதிரி. கருகிய நுனியை, செம்பு பளபளப்பாகத் தெரியும் வரை வெட்டுங்கள். லக்கும் புதிதாக இருக்கட்டும். அது மாட்டும் தகடு கறுத்திருந்தால் உப்புத்தாளால் தேயுங்கள். குழி விழுந்திருந்தால் தகட்டையும் மாற்ற வேண்டும்.

கேள்வி: வெளியே வரும் ப்ளக் கார்டுக்கு எத்தனை ஸ்கொயர்?

பதில்: 10 ஆம்பியர் வரை 1 ஸ்கொயர் போதும், அதற்கு மேல் 16 வரை 1.5. நான் எதற்கும் 1.5 ரப்பர் கார்டுதான் போடுவேன். மூன்று கோர், அதாவது உள்ளே மூன்று ஒயர், இருக்க வேண்டும். உலோக உடம்புள்ள ஹீட்டருக்கு இரண்டு கோர் தட்டை ஒயர் போட்டு, எர்த்தை அம்போவென்று விட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ப்ளக்கிற்குள் எர்த் ஒயரை மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக விடுங்கள். கார்டு இழுபட்டால் அது கடைசியாகத்தான் பிய்ய வேண்டும்.

கேள்வி: காயில் நடுவில் அறுந்துவிட்டது. முறுக்கிச் சேர்த்தால் எரிகிறது. அப்படியே விடலாமா அண்ணா?

பதில்: எரியும். கொஞ்ச நாளில் அதே இடத்தில் மறுபடி அறும். காயில் கம்பியான நிக்ரோம் சூடாகும்போது மேலே ஆக்ஸைடு படலம் கட்டிக்கொள்ளும். 1906இல் ஆல்பர்ட் மார்ஷ் காப்புரிமை பெற்ற இந்த நிக்கல்–குரோமியக் கலவை இத்தனை நாள் உழைப்பதே அந்தப் படலத்தால்தான். முறுக்கிச் சேர்க்கும்போது அதுவே எதிரி, இரண்டு நுனியும் சரியாகத் தொடாது. போதாததற்குக் காயில் குட்டையாகிறது. பத்து சதவீதம் வெட்டினால் வாட் பதினொரு சதவீதம் கூடும். அதே வோல்ட், அதே வாட் உள்ள புதுக் காயில் வாங்குங்கள். நீங்களே சுற்றுவதானால் 22 கேஜ் நிக்ரோம் மீட்டருக்குச் சுமார் 2.7 ஓம், 2000 வாட்டுக்கு ஏறக்குறைய 9.8 மீட்டர். இழுக்கும்போது இடைவெளி எங்கும் ஒரே மாதிரி இருக்கட்டும். நெருங்கிய சுற்றுதான் முதலில் போகும்.

கேள்வி: லக் எல்லாம் வேண்டாம் சார், சாலிடர் வைத்தால் உறுதி. பல வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

பதில்: ரேடியோவில் செய்யுங்கள். சாதாரண சாலிடர் ஈயம் 190 டிகிரிக்குள் உருகிவிடும். தொழில் பழகிய புதிதில் நானும் ஒரு ஹீட்டருக்குச் சாலிடர் வைத்துக் கொடுத்தேன். இரண்டே நாளில் திரும்பி வந்தது. அடித்தகட்டில் ஈயம் கடுகு கடுகாக உருண்டு கிடந்தது.

மறுபடி அவரே: லக் மட்டும் கழன்று வருவதில்லையா? நான் அடித்த லக்கே இழுத்தால் கையோடு வருகிறது.

பதில்: எதால் அடித்தீர்கள்?

அவரே: கட்டிங் பிளையர்.

பதில்: அப்படியானால் அது நசுக்கியது, அடித்தது இல்லை. லக்கை ஒயரோடு இறுக்கி அழுத்த, லக் அளவுக்கேற்ற க்ரிம்பிங் டூல் வேண்டும். அடித்த பிறகு நன்றாக இழுத்துப் பாருங்கள். வந்தால் வெட்டிவிட்டு மறுபடி.

இன்னொருவர்: லக் அடித்து அதன்மேல் கொஞ்சம் சாலிடரும் விட்டால் இரண்டு பேரும் சமாதானம் ஆகிவிடலாமே?

பதில்: ஆக முடியாது. ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒயரை விறைக்க வைக்கும், விறைத்த இடம் முடியும் விளிம்பில் ஒடியும். ஸ்க்ரூ டெர்மினலில் ஈயம் பூசிய நுனி அழுத்தத்தில் மெல்ல நெகிழ்ந்து தானே லூஸாகும். சூடான இடத்தில் லக் அல்லது பீங்கான் கனெக்டர். இத்தோடு சாலிடர் பேச்சை விடுவோம்.

கேள்வி: 1500 வாட்டுக்கு எத்தனை ஸ்கொயர் கார்டு?

பதில்: மேலே இரண்டாவது பதில்.

கேள்வி: பிவிசி ஒயருக்கு மேல் இரண்டு ஸ்லீவ் போட்டால்?

பதில்: முதல் பதில். ஸ்வெட்டர் போட்டாலும் வெண்ணெய் உருகத்தான் செய்யும்.

கேள்வி: தெர்மல் ஃப்யூஸ் போய்விட்டது, நேராக இணைத்துவிட்டேன். ஒயர் மட்டும் எது என்று சொல்லுங்கள்.

பதில்: சொல்ல மாட்டேன். சூடு மிஞ்சினால் கரண்ட்டை அறுப்பதே அந்த ஃப்யூஸ்தான். அதே டிகிரி, அதே ஆம்பியர் ஃப்யூஸ் போட்டுவிட்டு வாருங்கள். அதுவரை ப்ளக் சுவரில் இருக்கக் கூடாது.

கேள்வி: தண்ணீர் ஹீட்டரில் ஷாக் அடிக்கிறது.

பதில்: அது ஒயர் கேள்வி இல்லை. மெயினை அணைத்துவிட்டு நேரில் பார்க்கும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், இப்போதே.

கேள்வி: தாத்தா காலத்து ஹீட்டர். ஒயர் மேல் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இருக்கிறது. உரிக்கலாமா?

பதில்: தொடாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், பார்த்தே சொல்ல முடியாது. சுரண்டவோ ஊதவோ வேண்டாம். பையில் போட்டுக் கட்டுங்கள், அந்த ஹீட்டரை மறந்துவிடுங்கள்.

கேள்வி: முதலில் கேட்டவன்தான். சிலிகான் ஒயரும் புது லக்கும் போட்டுவிட்டேன். மீட்டரில் 27 ஓம் வருகிறது.

பதில்: சரி, கணக்குப்படி 26.45 வர வேண்டும். ஹீட்டர் சுவிட்சை ஆன் நிலையில் வைத்து, ப்ளக்கின் எர்த் முள்ளுக்கும் மற்ற இரண்டு முள்ளுக்கும் இடையே பாருங்கள். எதுவும் காட்டக் கூடாது. எர்த் முள்ளுக்கும் உலோக உடம்புக்கும் இடையே கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். மூடியைப் பூட்டி, அரை மணி நேரம் பக்கத்திலேயே இருந்து ஓட விடுங்கள். பிறகு ப்ளக்கைக் கழற்றி அதன் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. சுட்டால் அந்த ப்ளக்குக்குள்ளும் ஒரு லூஸ் ஸ்க்ரூ இருக்கிறது.