கேள்வி பதில்: எரிந்த கவசத்தை நுண்ணோக்கியில் பார்த்தால்

விண்கலங்களின் வெப்பக் கவசம் பற்றி இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பொருளறிவியல் ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற இராமேசுவரத்துக்காரர் பதில் சொல்கிறார்.

மண்டபம், கல்லூரி மாணவி: ஐயா, எரிந்து கரியாகிவிட்ட துண்டில் பார்க்க என்ன மிச்சம் இருக்கும்?

கரியில்தான் அம்மா எல்லாம் இருக்கிறது. 2006இல், வால்மீன் தூசியைச் சேகரித்த நாசாவின் ஸ்டார்டஸ்ட் கலத்திலிருந்து பூமிக்குத் திரும்பிய உறை நொடிக்குச் சுமார் 12.9 கிலோமீட்டர் வேகத்தில் வளிமண்டலத்தில் நுழைந்தது. அதைக் காத்த பொருள் பிகா. கார்பன் இழைகளுக்குள் ஃபீனாலிக் பிசினை ஊறவைத்துச் செய்தது. ஓர் இழையின் தடிமன் 10 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான். மின்னணு நுண்ணோக்கியில் சுள்ளிக் குவியல்போலத் தெரியும், பெரும்பகுதி வெற்றிடம். சூட்டில் பிசின் சிதைந்து வாயுவாகி, அந்த வெற்றிடம் வழியே வெளியேறுகிறது. மேலே உள்ள இழைகள் மட்டும் ஊசியாகக் கூர்ந்திருந்தால், இழைகளை அரிக்கும் ஆக்சிஜன் மேற்பரப்போடு நின்றுவிட்டது. ஆழத்திலும் இழைகள் மெலிந்திருந்தால் உள்ளே புகுந்துவிட்டது. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒரே கறுப்பு!

கீழக்கரை வாசகர்: வெட்டினால் நொறுங்கிவிடாதா?

நொறுங்கும். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, எபாக்சி என்ற இறுகும் பிசினை ஊறவைத்து இறுக்கிய பிறகே வெட்டித் தேய்ப்போம். வெட்டவே வேண்டாமென்றால் எக்ஸ்ரே நுண்டோமோகிராபி இருக்கிறது: துண்டைச் சுழற்றிப் படங்கள் எடுத்து, முப்பரிமாணமாகக் கோத்துக்கொள்ளலாம். ஆனால் கார்பனும் பிசினும் எக்ஸ்ரேக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரிவதால் பிரித்தறிவது பெரும்பாடு.

தொண்டி ஆசிரியர்: 2022இல் நிலவைச் சுற்றித் திரும்பிய நாசாவின் ஆர்ட்டெமிஸ் 1 கலத்தின் கவசம் ஏன் உதிர்ந்தது?

அது ஆவ்கோட் என்ற வேறு கவசப் பொருள். உள்ளே உண்டான வாயு வெளியேறப் போதிய வழியில்லாமல் அழுத்தம் கூடி, விரிசல் விட்டு, கரி பெயர்ந்தது என்பது நாசாவின் முடிவு. எத்தனை துளை என்று எண்ணினால் மட்டும் போதாது. துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றனவா என்பதே என் முதல் கேள்வியாக இருக்கும்.

பாம்பன் மீனவர்: அண்ணன், கடலில் விழுந்த கவசத்தை உப்பு விடுமா?

விடாது தம்பி. பாம்பன்காரருக்கு உப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? 2007இல், விண்ணிலிருந்து கலத்தைத் திரும்பக் கொண்டுவரும் சோதனைக்காக இஸ்ரோ அனுப்பிய எஸ்.ஆர்.இ. கலம் வங்கக் கடலில்தான் இறங்கியது. கடல்நீர் ஊறிய துண்டில் சோடியமும் குளோரினும் தெரிந்தால், அவை கடலில் சேர்ந்தவையா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அதனால் நனையாத துண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள்.

இராமேசுவரம் மாணவர்: பள்ளி நுண்ணோக்கி போதுமா, ஐயா?

இழை தெரியும். ஆனால் கரடுமுரடான பரப்பில் ஒரு பகுதி தெளிவானால் மற்றது மங்கிவிடும். சிறிது சிறிதாகக் குவியத்தை நகர்த்திப் படமெடுத்து ஒன்றாக அடுக்கிப் பாருங்கள்.